மஞ்சளை ஈடு வைக்கலாமா, இப்போதே விற்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கொடுமுடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மஞ்சள். வேகவைத்து, காயவைத்து, பாலீஷ் போட்டு 40 குவிண்டால் விரலி, அதாவது விரல் போல நீண்ட மஞ்சள், வீட்டில் இருக்கிறது. கிழங்கு மஞ்சளை விற்றுவிட்டேன். விரலி இன்றைக்குக் குவிண்டால் 12,000 ரூபாய் போகும் என்கிறார்கள். ஆடிக்கு மேல் ஏறும் என்று ஊரே பேசுகிறது. எனக்கோ கையில் காசில்லை. வெட்டுக்கூலி, வேகவைத்த கூலி பாக்கி 55,000. மகளின் பள்ளிக் கட்டணம் 35,000. தனியார் கடையில் நகை வைத்து வாங்கிய 1 லட்சத்துக்கு ஒன்றரை வட்டி ஓடுகிறது. வைகாசியில் மறுபடி நடவுக்கு 1,20,000 வேண்டும். அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை இருப்பு வைத்தால் மதிப்பில் 75 சதவீதம், அதிகபட்சம் 3 லட்சம், ஆண்டுக்கு 5 சதவீத வட்டியில் 180 நாளுக்குக் கடன் தருவதாகச் சொன்னார்கள். மண்டிக்காரரோ, "என் குடோனில் போடுங்கள், வேண்டியதை நான் தருகிறேன், இரண்டு வட்டி" என்கிறார். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் வேலை பார்க்கும் அக்கா வீட்டுக்காரர், "அங்கே விவசாயி சரக்கின் மேல் அரசிடம் கடன் வாங்குவார். விலை இறங்கிவிட்டால் சரக்கை அரசிடமே விட்டுவிடுவார், கடன் தீர்ந்தது" என்றார். நம் ஊரிலும் அப்படித்தானா? நான் ஈடு வைக்கட்டுமா, விற்றுவிடட்டுமா?
– ஒரு மஞ்சள் விவசாயி, ஈரோடு மாவட்டம்

பதில்:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் அப்படி இல்லை. விற்பனைக்கூடத்தில் நீங்கள் வாங்கும் பொருளீட்டுக் கடன் அவகாசம் தரும், விலைக்கு எந்த உறுதியும் தராது. நாளைக்கு மஞ்சள் 6,000 ரூபாய்க்கு இறங்கினாலும் வாங்கிய பணத்தையும் வட்டியையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். சரக்கை விட்டுவிட்டு வந்தாலும் கடன் கூடவே வரும். இந்த ஒரு விஷயம் தெளிவாகிவிட்டால் எத்தனை மூட்டை வைப்பது, எவ்வளவு வாங்குவது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

என் யோசனை இது. 40 குவிண்டாலில் 16 குவிண்டாலை இப்போதே விற்றுவிடுங்கள். மீதி 24 குவிண்டாலை விற்பனைக்கூடத்தில் வையுங்கள். அதன் மேல் 2 லட்சத்துக்கு மேல் கொடுக்கத் தயாராக இருப்பார்கள், ஆனால் நீங்கள் நடவுக்கு வேண்டிய 1,20,000 மட்டும் வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அக்கா வீட்டுக்காரர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். அவர் சொன்னது உண்மைதான். அது தொடங்கிய கதையிலும் அவர் இருக்கும் அயோவாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1932-33 குளிர்காலத்தில் மக்காச்சோளம் அங்கே விலையே இல்லாமல் கிடந்தது. விற்று நிலக்கரி வாங்குவதைவிடச் சோளக்கதிரையே அடுப்பில் போடுவது மலிவு என்று விவசாயிகள் எரித்தார்கள். வியர்வை சிந்தி விளைவித்ததை விறகாக எரிக்கும் வயிற்றெரிச்சல் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தக்காளியை ரோட்டில் கொட்டியவர்கள் நாம். அந்தச் சமயத்தில் அமெரிக்காவின் வேளாண் அமைச்சராக வந்த ஹென்றி வாலஸ் அயோவாக்காரர், மக்காச்சோள விதையில் ஊறியவர். 1933 அக்டோபரில் பண்டக் கடன் கழகம் என்று ஒன்றை அரசு தொடங்கியது. ஒரு புஷல், அதாவது 25.4 கிலோ மக்காச்சோளத்துக்கு 45 சென்ட் கடன். சந்தை விலை அதற்கும் கீழேதான் இருந்தது. சோளம் விவசாயியின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருக்கும், அதிகாரி வந்து முத்திரை வைத்துவிட்டுப் போவார். விலை ஏறினால் விற்றுக் கடனைக் கட்டலாம். ஏறாவிட்டால் சோளத்தை அரசிடம் ஒப்படைத்துவிடலாம். அதற்கு மேல் விவசாயியிடம் ஒரு காசு கேட்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டே, 1934இல், கடும் வறட்சி வந்தது. விலை ஏறியது. கடன் வாங்கியவர்கள் முத்திரையை உடைத்து, விற்று, கட்டிவிட்டு லாபமும் பார்த்தார்கள். எல்லா ஆண்டும் அப்படி அமையுமா? விளைச்சல் கூடிய ஆண்டுகளில் விவசாயிகள் ஒப்படைத்துக்கொண்டே போக, அரசின் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. அதற்காகத்தான் 1985 சட்டத்தில் ஒரு மாற்றம் செய்தார்கள். முதலில் நெல்லுக்கும் பருத்திக்கும் கட்டாயமாக வந்தது, பிறகு மற்ற பயிர்களுக்கும் விரிந்தது. விலை கடன் தொகைக்குக் கீழே இறங்கினால் சரக்கை அரசிடம் தள்ள வேண்டாம், அன்றைய குறைந்த விலைக்கு ஏற்பக் கட்டினால் போதும், மீதியைத் தள்ளுபடி செய்கிறோம் என்றார்கள். சந்தைக் கடன் என்று அங்கே சொல்வது இதைத்தான். தவணை 9 மாதம்.

கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடன் தொகை, அதாவது விலைக்கு அவர்கள் போடும் அடிவிலை, எவ்வளவு என்று அக்கா வீட்டுக்காரர் சொல்லியிருக்க மாட்டார். மக்காச்சோளத்துக்கு 2018 சட்டப்படி புஷலுக்கு 2.20 டாலர். 2025இல் வந்த சட்டம் அதை 2026 அறுவடையிலிருந்து 2.42 ஆக உயர்த்தியது. குவிண்டால் கணக்குக்கு மாற்றினால் நம் பணத்தில் 800, 900 ரூபாய். நம் அரசு 2025-26க்கு அறிவித்த மக்காச்சோள ஆதரவு விலை 2,400. அதாவது அங்கேயும் அந்தக் கடன் அடிமாட்டு விலைக்கு விழாமல் பிடித்துக்கொள்ளும் கயிறுதான். அதை நம்பி யாரும் லாபம் பார்ப்பதில்லை. விலை நன்றாக இருக்கும் ஆண்டுகளில் அவர்களும் அதை அறுவடை நேரத்துக் கைமாற்றாகத்தான் எடுக்கிறார்கள். அவசரத்துக்கு விற்காமல் சில மாதம் பொறுக்க அது உதவுகிறது. அந்த அளவில் நம் பொருளீட்டுக் கடனும் அதுவும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர்கள் அந்தக் கழகத்தைத் தொடங்கிய அதே 1933இல்தான் நம் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936இல் திருப்பூரில் பருத்திக்காகத் திறந்தது. இரண்டு இடத்திலும் அப்போது விவசாயி நொடித்துக் கிடந்தார். அவர்கள் விலைக்கு அடியில் கை வைத்துத் தாங்கினார்கள். நாம் எடைக்கல்லையும் ஏலத்தையும் தரகையும் ஒழுங்குபடுத்தினோம். அதுவும் சாதாரண வேலையில்லை. மூடிய துணிக்குள் விரலைப் பிடித்து விலை பேசிய காலத்தில், பல வியாபாரிகள் சீட்டில் விலை எழுதிப் போட, அதிகம் எழுதியவருக்குச் சரக்கு என்பது பெரிய மாற்றம். இன்றைக்கும் விற்பனைக்கூடத்தில் விற்றால் உங்களிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது. 1 சதவீதச் சந்தைக் கட்டணத்தை வாங்குகிற வியாபாரிதான் கட்ட வேண்டும். ஆனால் விலை விழுந்தால் தாங்கும் வேலை அந்தக் கூடத்துக்குக் கொடுக்கப்படவில்லை. அதை மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் 22 பயிர்கள் இருக்கின்றன, மஞ்சள் இல்லை. ஆகவே உங்கள் மூட்டைக்கு அடியில் யாருடைய கையும் கிடையாது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். 40 குவிண்டாலையும் வைத்து 3 லட்சம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 180 நாளுக்கு 5 சதவீத வட்டி ஏறக்குறைய 7,400 ரூபாய். அதே 3 லட்சத்தை மண்டியில் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் ஆறு மாதத்தில் 36,000. வித்தியாசம் 28,600. உங்கள் மகளின் பள்ளிக் கட்டணத்தில் முக்கால் பங்குக்கு மேல் இதிலேயே நிற்கிறது பாருங்கள். மண்டிக்காரரிடம் வட்டியைவிடப் பெரிய சிக்கல் வேறு இருக்கிறது. அவர் குடோனில் சரக்கு, அவர் கையில் பணம் என்றால், விலை சொல்கிறவரும் அவர்தான். "இன்னொருவர் நல்ல விலை கேட்கிறார், எடுத்துக்கொள்கிறேன்" என்று உங்களால் சொல்ல முடியுமா? அவரோடு இத்தனை ஆண்டு பழக்கம் இருக்கலாம், நல்ல மனிதராகவும் இருக்கலாம். அவசரத்துக்கு ராத்திரி பத்து மணிக்குப் பணம் கொடுத்தவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 36,000 ரூபாய் பெரிய விலை.

இப்போது கூடத்துக் கடனையே எடுத்துக்கொள்வோம். வாங்கிய 3 லட்சத்தில் 1,90,000 கூலிக்கும் பள்ளிக்கும் நகைக்கும் போய்விடும். மிச்சம் 1,10,000 வயலுக்குப் போய்விடும். புரட்டாசியில் விலை 14,000 என்றால் நீங்கள் ராஜா. அதுவே 7,500 என்றால்? 40 குவிண்டாலுக்கு 3,00,000 வரும். கட்ட வேண்டியது 3,07,400. மொத்த மஞ்சளையும் கொடுத்துவிட்டு மேலே 7,400 ரூபாய்க்கு ஆள் தேட வேண்டும். அமெரிக்க விவசாயி அந்த இடத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். நீங்கள் மறுபடி நகைக்கடைக்குப் போவீர்கள்.

என் கணக்குப்படி செய்தால் எப்படி என்று பாருங்கள். இப்போது 16 குவிண்டாலை விற்றால் 1,92,000. கூலி, பள்ளி, நகை மூன்றும் முடிந்தது. ஒன்றரை வட்டி நின்றது. நகை வீட்டுக்கு வந்தது. மீதி 24 குவிண்டாலின் மேல் 1,20,000 என்றால் குவிண்டாலுக்கு 5,000தான் கடன். 180 நாளுக்கு வட்டி 3,000க்குள். விலை அதே 7,500க்கு விழுந்தாலும் 1,80,000 வரும். கடனும் வட்டியும் கட்டியபின் 57,000 கையில் நிற்கும். வலிக்கும், ஆனால் முழுகிப்போக மாட்டீர்கள். விலை 14,000 போனால் 24 குவிண்டாலுக்கு 3,36,000. அந்த ஏற்றத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு. அரசு போடாத அடிவிலையை, குறைவாகக் கடன் வாங்குவதன் மூலம் நாமே போட்டுக்கொள்கிறோம். கொடுக்கிறார்களே என்று உச்சவரம்பு வரை வாங்குகிற பழக்கத்தை நான் முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். அதில் மனம் நொந்தவர்கள்தான் அதிகம்.

ஒருவரை மட்டும் சொல்கிறேன். 2010இல் மஞ்சள் 17,000 வரை போனது உங்களுக்கு நினைவிருக்கும், அப்போது சிறு வயதாக இருந்திருப்பீர்கள். நான் அன்றைக்கு ஒரு விற்பனைக்கூடத்தில் வேலையில் இருந்தேன். வயதான ஒரு விவசாயி, நல்ல சரக்கு, விரலில் எடுத்து உடைத்தால் டக்கென்று சத்தம் வரும், உள்ளே ஆரஞ்சு நிறம். 17,000க்கு ஏலம் கேட்டார்கள். "இருபதுக்குக் கொடுக்கிறேன்" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு டீக்கடை முழுக்க இருபது என்றுதான் பேச்சு. அந்த விலையைப் பார்த்து ஆந்திராவிலும் மகாராஷ்டிராவிலும் நம் ஊரிலும் எல்லோரும் மஞ்சள் போட்டார்கள். 180 நாள் முடிந்து சரக்கை எடுத்துக்கொண்டு போய்த் தனியார் குடோனில் போட்டார். 2012இல் விலை 4,000 அளவுக்கு வந்தபோது மறுபடி கூடத்துக்குக் கொண்டுவந்தார். மூட்டையை இறக்கும்போது தையல் ஓரத்திலிருந்து மஞ்சள் மாவு கொட்டியது. வண்டு துளைத்த விரலியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பிறகு அவரிடம் நான் எதுவும் பேசவில்லை. என்ன பேசுவது?

ஆடிக்கு மேல் ஏறும் என்கிற பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தை முதல் சித்திரை வரை நம் சரக்கும், நிஜாமாபாத், சாங்லி சரக்கும் ஒன்றாக வந்து குவியும்போது விலை படுத்திருக்கும். வரத்து குறைந்தபின் எழ இடமுண்டு. ஆனால் ஆடியில் இன்னொரு செய்தியும் வரும். இந்த ஆண்டு எங்கே எவ்வளவு நட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். நடவு குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும். பழைய இருப்பு குடோன்களில் எவ்வளவு கிடக்கிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் பார்க்காமல் மாதத்தை மட்டும் வைத்து விலை சொல்வது ஜோசியம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சந்தைத் தகவல் மையம் மஞ்சளுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அது எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் டீக்கடையைவிட நம்பலாம். செய்தித்தாளில் அல்லது விவசாய அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், எவ்வளவு ஏறினால் நமக்கு லாபம் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 12,000 ரூபாய்ச் சரக்கை ஆறு மாதம் வைத்தால், உங்கள் கடன் அளவில் வட்டி குவிண்டாலுக்கு 120 ரூபாய்ச் சொச்சம். நன்றாகக் காய்ந்த மஞ்சளே கிடங்கில் எடை கொஞ்சம் குறையும். 2 சதவீதம் என்று வைத்தால் 240 ரூபாய். வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு எல்லாம் சேர்த்து இன்னொரு நூறு, நூற்றைம்பது. ஆக 12,500க்குக் கீழே விற்றால், காத்திருந்தது வீண். இதை ஒரு சீட்டில் எழுதிப் பூஜை அறையில் மாட்டுங்கள் என்றுகூடச் சொல்வேன். அதோடு இன்னும் இரண்டு எண்களை எழுதுங்கள். எந்த விலை வந்தால் பாதியை விற்பேன், எந்தத் தேதிக்கு மேல் என்ன விலையானாலும் விற்றுவிடுவேன் என்று. உங்களுக்கு நான் சொல்வது, 13,500 வந்தால் 12 குவிண்டாலைக் கொடுத்துவிடுங்கள். ஆவணி கடைசி முகூர்த்தம் தாண்டினால் மிச்சத்தையும் கொடுத்துவிடுங்கள். 180ஆம் நாள் வரை இழுக்காதீர்கள். தவணை முடிகிற வாரத்தில் விற்பவரின் முகத்தைப் பார்த்தே வியாபாரி விலை எழுதுவார். தவணை தாண்டியும் எடுக்காவிட்டால் அறிவிப்புக் கொடுத்து ஏலம் விடுவார்கள். கடனும் வட்டியும் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள்.

பகுதி பகுதியாக எடுக்க வேண்டும் என்றால் அதை வைக்கும்போதே பேசிவிடுங்கள். 24 குவிண்டாலையும் ஒரே ரசீதில் போடாமல் 12, 12 என்று இரண்டு ரசீதாகக் கேளுங்கள். அப்போதுதான் ஒரு பாதிக் கடனைக் கட்டி ஒரு பாதிச் சரக்கை விடுவிக்க முடியும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் கொண்டுபோங்கள். கிடங்கு வாடகை எந்த நாளிலிருந்து ஓடும், குவிண்டாலுக்கு எவ்வளவு, சரக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கண்காணிப்பாளரிடம் கேட்டு ரசீதிலேயே குறித்து வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

இதில் ஒரு எச்சரிக்கை. யாராவது வியாபாரி வந்து, "உங்கள் சிட்டா அடங்கலை மட்டும் கொடுங்கள், என் சரக்கை உங்கள் பேரில் வைக்கிறேன், உங்களுக்கும் ஏதாவது தருகிறேன்" என்பார். விவசாயிக்குக் கிடைக்கும் 5 சதவீத வட்டியை அவர் அனுபவிக்கும் வழி அது. கொடுக்கவே கொடுக்காதீர்கள். விலை விழுந்து அவர் ஒதுங்கிக்கொண்டால் கடன் உங்கள் பேரில் நிற்கும். உங்கள் மஞ்சளை வைக்கப் போகும்போது உச்சவரம்பு முடிந்துவிட்டது என்பார்கள். நான் வேலையில் இருந்தபோது இப்படி மாட்டிக்கொண்ட ஒரு பெண்மணி, கணவரை இழந்தவர், கூடத்து வாசலில் உட்கார்ந்து அழுதார். கையெழுத்து அவருடையது. எங்களால் அவருக்கு உதவ முடியவில்லை.

வேறு வழிகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் தானிய ஈட்டுக் கடன் உண்டு, அங்கே வட்டி எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஈரோட்டிலும் கோபியிலும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் மஞ்சள் ஏலம் நடத்துகின்றன. பதிவு பெற்ற சேமிப்புக் கிடங்கில் வைத்தால் மின்னணுக் கிடங்கு ரசீது தருவார்கள். கிசான் கடன் அட்டை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிக்கு அந்த ரசீதின் மேல் ஆறு மாதம் வரை பயிர்க்கடன் வட்டியான 7 சதவீதத்திலேயே வங்கி கடன் தரலாம். 2024 டிசம்பரில் இந்த வகைக் கடன்களுக்கு 1,000 கோடி ரூபாயில் ஒரு உத்தரவாத நிதியை மத்திய அரசு தொடங்கியது. நல்லதுதான். ஆனால் அது வங்கிக்குப் பாதுகாப்பு. உங்கள் மஞ்சளின் விலைக்குப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் தேவைக்கு விற்பனைக்கூடத்துக் கடனே போதும், வட்டியும் குறைவு.

அமெரிக்காவில் இருப்பது போல ஒன்று நமக்கு வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். மஞ்சள் போலக் கெடாமல் இருக்கும், ஆதரவு விலை இல்லாத பயிர்களுக்காவது, கடன் தொகைக்குக் கீழே விலை போனால் வித்தியாசத்தை அரசு ஏற்கலாம். 75 சதவீதத்துக்கு வேண்டாம், 50 சதவீதத்துக்கு ஏற்றாலே போதும். உங்கள் மாதிரி ஆட்கள் நடவு நேரத்தில் நகைக்கடை வாசலில் நிற்க வேண்டியிருக்காது. அதில் ஆபத்தும் இருக்கிறது, ஒளிக்க மாட்டேன். அமெரிக்கப் பருத்திக்கு இந்தக் கடனும் வேறு மானியங்களும் தந்த தாங்கலால் உலகச் சந்தையில் பருத்தி விலை அமுங்கியது என்று பிரேசில் 2002இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு வென்றது. 2014இல் 30 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா அதை முடித்தது. ஒரு ஊரில் போடும் அடிவிலை இன்னொரு ஊர் விவசாயியின் தலையில் விழலாம். ஆனாலும் அடிவிலையை அறவே போடாமல் விட்டால் அந்தப் பெரியவர் கையில் இருந்த வண்டு மஞ்சள்தான் மிஞ்சும். மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தொடங்கியிருக்கிறது. உங்கள் உழவர் குழுவில் இதை ஒரு கோரிக்கையாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பத்துப் பேர் எழுதினால் ஒருவராவது படிப்பார்.

இப்போதைக்கு உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வீட்டில் கிடக்கும் மூட்டையில் நடுவிலிருந்து கைப்பிடி மஞ்சள் எடுத்து உடைத்துப் பாருங்கள். வளைந்து உடைந்தாலோ, உடைந்த இடம் மெழுகு மாதிரி இருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு வர வேண்டும், கூடத்திலேயே மீட்டரில் அளந்து தருவார்கள். ஈரத்தோடு ஆறு மாதம் அடைத்தால் பூஞ்சையும் வண்டும் சேர்ந்து வரும். கூடுதலாக இருந்தால் நல்ல பங்குனி வெயிலில் இரண்டு நாள் களத்தில் விரித்துவிட்டு, ஆறவைத்து, புதுச் சாக்கில் பிடியுங்கள். விற்கப் போகும் 16 குவிண்டாலையும் வைக்கப் போகும் 24ஐயும் பிரிக்கும்போது நல்ல விரலியை வைக்கும் பக்கம் போடுங்கள், சின்னதும் நிறம் மங்கியதும் முதலில் போகட்டும். தரம் குறைந்ததுதான் கிடங்கில் முதலில் கெடும். ஒவ்வொரு சாக்கிலும் உங்கள் பெயரின் முதல் எழுத்தையும் வரிசை எண்ணையும் பெயிண்டில் எழுதிவிடுங்கள். நூற்றுக்கணக்கான மூட்டை அடுக்கியிருக்கும் இடத்தில் ஆவணியில் போய்த் தேடும்போது அதன் அருமை தெரியும். ஈரப்பதம் எவ்வளவு வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள் தம்பி.